கறுவலின் முகத்தில் மண்

ஜனவரி 11, சனி

உறைபனி. தவத்தின் வான் கண்ணாடியைப் பழைய வங்கி அட்டையால் சுரண்டினேன். அட்டை முறிந்தது. பிளாக்வோல் சுரங்கம் தாண்டி எப்சம். வழியில் இடியப்பப் பார்சல், சம்பல் சிந்தி வான் முழுக்க வாசம்.

எங்கள் ரேஸ் குதிரை கறுவல் இன்றும் கடித்தான். இடது தோள். போன மாதம் வாங்கிய ஜாக்கெட் கிழிந்து பஞ்சு வெளியே. தோலும் போனது. வீட்டில் இருந்த மனுசிக்குப் போனில் ஒரு வாளி இரத்தம் என்று சொன்னேன். ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிச்சயம் இருக்கும். சரி, அரைக் கோப்பை. லாயத்தில் வேலை செய்யும் மேவ் ஓடிவந்து அவன் மூக்கில் முழங்கையால் இடித்தாள், பிறகு என்னையும் ஏசினாள். ஐரிஷ்காரி, கை இரண்டும் வாழைக்குற்றி. காலையில் கறுவல்மேல் ஏறி ஓட்டுகிறவளும் அவள்தான்.

அவன் கடிக்காத ஆள் இல்லை. பழக்குகிற கொலினுக்குக் காது நுனி இல்லை. தவத்தின் தொப்பி போயிற்று, டொக்டரின் போனும். என்னைத்தான் அதிகம். பிடித்த ஆளைத்தான் கடிப்பான் என்று மேவ் சொன்னாள். (வாயால் சொல்லவில்லை. பார்வையில் தெரிந்தது.)

புதுக் கொப்பி, ஆகவே விபரம். கறுவலில் நாலு பேருக்குப் பங்கு, ஆளுக்கு ஒரு கால். கால்கள் யாருக்கு:

முன் இடது: தவம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மொத்தக்கடை. என்னிலும் இளையவன், கோபக்காரன்.

முன் வலது: டொக்டர் சேகர். திருச்சி ஆள், செவன் கிங்ஸில் வீடு. மனிதருக்குக் கண் வெட்டுகிறவர்.

பின் வலது: கொலின்.

பின் இடது: நான். நான் ஓட்டிய மினிகாப் டாக்சியை விற்று வாங்கிய கால். உதைக்கிற கால் அதுதான்.

இதை மனுசிக்கு முதன்முதலில் விளங்கப்படுத்தியபோது கேட்டாள்: "கால் நாலையும் பங்கு போட்டுட்டியள். தலை ஆற்றை?" பதில் சொல்ல நான் யோசிப்பதற்குள் கறியைச் சூடாக்கப் போய்விட்டாள்.

இன்றைய விசயம். கொலின் கூப்பிட்டு வைத்துச் சொன்னான். மார்ச்சில் வளைகுடாவில் பெரிய ரேஸ், மூன்று வயதுக் குதிரைகளுக்கு. புல் இல்லை, மண். இந்த நாட்டில் புல்லும் மெழுகு கலந்த செயற்கை மணலும்தான், அசல் மண்ணில் ரேஸ் கிடையாது. கறுவலின் தகப்பன் அமெரிக்கன், மண்ணில் கொடி கட்டியவன். வேகம் இருக்கிறது, இரத்தம் இருக்கிறது. ஆனால் போன வருடம் கறுவல் ஓடிய ரேஸ் எல்லாம் கதவு திறந்த நிமிடம் முதல் முன்னுக்கு நின்று வென்றவை. முன்னால் இன்னொரு குதிரையின் பின்புறத்தை அவன் பார்த்ததே இல்லை. அங்கே எல்லாக் குதிரையும் வேகம். முன்னுக்கு இடம் கிடைக்காவிட்டால், முன்னால் ஓடுகிறவை உதைத்தெறிகிற மண் முழுக்க முகத்தில். அப்போது என்ன செய்வான்? திங்கள் காலை ஓட்டிப் பார்ப்போம். வியாழக்கிழமை பதில் கொடுக்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் முடிவெடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றான்.

மண்ணுக்குப் பயப்படுகிற ஆளா இவன்? வரும்போதே வானில் இருந்து ஆறேழு பேருக்குப் போன் போட்டு, போவது உறுதி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மழை. சவுத்தாலில் தொப்பி வாங்கினேன், அகன்ற விளிம்பு, வளைகுடா வெயிலுக்கு. பஸ்ஸில் தலையில் வைத்தபடி வந்தேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னேரம் தவத்தின் கடை. அரிசி மூட்டைமேல் இருந்து கறுவலின் கதை சொன்னேன். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அண்ணை, குதிரை பிளேனிலை சீட் பெல்ட் போடுமோ?"

"அது பிஸ்னஸ் கிளாஸ் அடா. நீதான் பின்னுக்கு."

"கடிக்குமாமே?"

"பைலட்டைக் கடிக்காட்டில் சரி."

நெடுந்தீவில் நான் மட்டக்குதிரை அடக்கிய கதையையும் எடுத்துவிட்டேன். நெடுந்தீவுக்குப் போனது ஒரே ஒரு தரம். குதிரையைப் பார்த்தது உண்மை. அது கடற்கரையில் நின்றது, நான் படகில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

டொக்டர் போன் எடுத்தார். அந்த ரேஸின் வீடியோ எல்லாம் பார்த்திருக்கிறார்.

"குலம் சார், ஜாக்கி ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சாறு கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போறான். ஒண்ணு மண்ணு மூடினா அதை இழுத்துக் கீழ விட்டுட்டு அடுத்ததுல பாக்குறான். குதிரைக்கு எத்தனை கண்ணாடி சார்?"

"அதுக்குக் கண் பெரிசு டொக்டர்."

"பெருசுங்கிறதுதான் பிரச்சனையே. நான் வேணாம்னுதான் சொல்வேன்."

தவம் ஓம் என்கிறான், டொக்டர் வேண்டாம் என்கிறார். ஆக, கறுவலின் தலைவிதி என் வாயில். பிரதமருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் இருக்காது. இரவு நல்ல நித்திரை.

ஜனவரி 13, திங்கள்

குளிர், காற்று. இடது கையால் முகத்தைப் பிடித்தபடி எழுதுகிறேன்.

ஓட்டத் தடத்து மணலை ஈரமாக்கி, மண்போல் கிளறிவிட்டிருந்தார்கள். இரண்டு வயசாளிக் குதிரைகள் முன்னால், ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு. அவற்றின் வாலுக்கு ஒட்டினால்போல் கறுவல், மேலே மேவ். நாங்கள் கொலினின் ஜீப்பில் தடத்தின் ஓரமாகப் பின்னால். டொக்டருக்கு வேலை, வரவில்லை. ஜன்னலைச் சாத்து என்று கொலின் இரண்டு தரம் சொன்னான். கண்ணாடிக்கு ஊடாகப் பார்க்கிறவன் நான் இல்லை. இறக்கிவிட்டு மார்பு வரை வெளியே நின்றேன்.

குதிரைகள் வேகம் எடுத்தன. என் முகத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். அப்படித்தான் இருந்தது. ஈர மண் கட்டி, பாண் ரொட்டித் துண்டு அளவு. புருவம் பிளந்தது, முன்பல் ஆடியது, வாய் நிறைய மணலும் இரத்தமும். உள்ளே விழுந்தேன். தவம் சிரித்துக்கொண்டே என்னை நிமிர்த்தினான். ஒரே ஒரு கட்டி.

மற்றக் கண்ணால் பார்த்தேன். கறுவலுக்கு அது மழை. நெற்றியில் விழுகிற சத்தம் ஜீப்புக்குள் கேட்டது, வெறும் தகரத்தில் கல் எறிவதுபோல். தலையை வானத்துக்கு உயர்த்தினான், வாய் பிளந்து நாக்கு வெளியே, ஒரு பக்கமாக இழுத்தான். மேவ் சவுக்கால் ஒன்று போட்டாள், கழுத்தோடு படுத்தாள். அடுத்த கட்டி கண்ணுக்கு மேலே. அதோடு விசர் பிடித்தது அவனுக்கு. நேரே போய்ச் சாம்பலின் பின்தொடையை இடித்தான், இரண்டுக்கும் நடுவில் இல்லாத இடத்துக்குள் புகுந்தான், சாம்பல் முழங்கால் மடிந்து சரிந்தது, அதன் மேல் இருந்த பொடியன் பந்துபோல் உருண்டான். தோள் எலும்பு முறிவு. கறுவல் நிற்கவில்லை. சிவப்பையும் தள்ளிவிட்டுத் தனியாக ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, பின்னால் வீடு பற்றி எரிகிறதுபோல் போனான்.

கொலின் கையில் இருந்த மணிக்கூட்டில் வேகத்தைப் பார்த்து விசில் அடித்தான். தவம் என்னைக் கட்டிப்பிடித்தான், ஆடிய பல்லில் அவன் தோள் பட்டு உயிர் போனது.

லாயத்தில் மேவ் அவன் முகத்தைக் கழுவினாள். மூக்குத் துவாரம் இரண்டிலும் இரத்தமும் மண்ணும் கலந்த சேறு. கண்ணுக்கு மேலே வெட்டு, என்னுடையதைப் போலவே, அதே பக்கம். வழக்கம்போல் தோளை அவனுக்கு முன்னால் நீட்டினேன்.

கடிக்கவில்லை.

"பாத்தியளே அண்ணை, ஒரு நாள் அடியிலை பயல் திருந்திட்டான்" என்றான் தவம். சிரித்தோம். சிரிக்கப் பல் வலித்தது.

பயணம் உறுதி. தொப்பியின் விளிம்பை இஸ்திரி போடச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய். தைப்பொங்கல்

தூறல். காலையில் குளித்து வந்தபோது மனுசி துவாயை எறிந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். "என்ன, துவாய்க்கும் பயமோ?" என்றாள். பல்வலி என்றேன்.

பின்வளவில் காஸ் அடுப்பு வைத்துப் பொங்கினோம். கிழக்கில் சூரியனுக்குப் பதில் பக்கத்து வீட்டு வேலி, அதைப் பார்த்துப் பொங்கிப் பால் வழிந்தது. வந்த சனம் எல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தது. கட்டி அரைச் செங்கல் அளவு என்றேன். மத்தியானம் ஆகும்போது முழுச் செங்கல். சொல்லச் சொல்ல வளர்கிறது, நான் என்ன செய்ய.

தவமும் டொக்டரும் வந்தார்கள். தவம் திங்கள் எடுத்த வீடியோவை டொக்டரின் மூக்குக்கு நேரே பிடித்தான்.

"பாருங்கோ, எப்பிடிப் போறான் எண்டு!"

"பயந்து ஓடுது தவம். தெரியலையா?"

"பயந்தெண்டாலும் முதலாவதா வாறான்தானே? அடிபடட்டும். நாங்கள் அடிபடேல்லையோ? அடிபட்டுத்தானே இந்த நாட்டுக்கு வந்தனாங்கள், செத்தே போனம்?"

அதோடு விட்டிருக்கலாம். தவம் விடவில்லை.

"உங்களுக்கு உது விளங்காது. விசாவோடை பிளேனிலை வந்த ஆக்கள்."

டொக்டர் அறைந்தார். மெல்லிய விரல், கண்ணுக்குள் ஊசி போடுகிற கை, அதற்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தவம் அவரை மார்பில் தள்ளினான். அடுப்பு சரிந்து பொங்கல் பானை கவிழ்ந்து டொக்டரின் பாதத்தில். அவர் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கத்தினாரே தவிர கையை விடவில்லை, தவத்தின் சட்டைக் கழுத்தைப் பிடித்து வேலியில் மோதினார், ஒரு பலகை முறிந்தது. தவம் அகப்பையை எடுத்துச் சுழற்றினான். டொக்டர் குனிந்தார். அடி விழுந்த புருவம் என்னுடையது. நேற்றைய இடம்.

இரத்தம் கண்ணை மறைக்க, இரண்டு பேரையும் தனியாளாக இரண்டு பக்கமும் பிடித்து எறிந்தேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் மனுசி தோட்டக் குழாயைத் திறந்து எல்லாருக்கும் அடித்துவிட்டாள் என்பதும் உண்மை.

"பொங்கல் நாளிலை வளவுக்குள்ளை ரத்தம்! குதிரைக்கு வந்த கேடு எங்களுக்கும் வந்திட்டுது" என்று அழுதாள். அழுதுகொண்டே டொக்டரின் காலில் குளிர்தண்ணீர் ஊற்றினாள். நல்ல மனுசி.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, ஹப்பி பொங்கல் என்றார்.

ஜனவரி 15, புதன். பட்டிப்பொங்கல்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். மாட்டுக்குப் பொங்குகிற நாள். ஈஸ்ட் ஹாமில் மாட்டுக்கு எங்கே போக? நாளைக்குப் பதில் சொல்லப் போகிறோம், நல்ல காரியம், சாமிக்குச் செய்வதைச் செய்துவிட்டு ஓம் சொல்வோம் என்று புறப்பட்டேன். தவம் பேச்சில்லை, ஆகவே வான் இல்லை. கொண்டுபோனவை: பூமாலை, சந்தனம், குங்குமம், டப்பாவில் பொங்கல், தேங்காய். விக்டோரியா போகிற வழியில் தேங்காய் உருண்டு ரயில் பெட்டியின் மற்ற முனைக்குப் போய்விட்டது. ஒரு பெண் இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து தந்தாள், குழந்தையைத் தருவதுபோல்.

கொலின் வெளியூர். பொங்கலைக் குதிரைக்குக் கொடுக்கவிடமாட்டேன் என்று மேவ் வாங்கி வைத்தாள், பிறகு தானே தின்றாள். மாலை போடலாம் என்றாள்.

போட்டேன். இதற்கு முன்பென்றால் மாலையையும் தின்று என் காதையும் தின்றிருப்பான். சும்மா நின்றான். வெட்டுக்கு மேலே சந்தனம், குங்குமம். அசையவில்லை. பழகிவிட்டான், ராசா, என்றேன். பெருமையாக இருந்தது. போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

பிறகு தேங்காய். புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் வைத்துக் காருக்கு முன்னால் உடைக்கிறதில்லையா, அந்த எண்ணம். அவன் அறையின் அரைக்கதவுக்கு முன்னால் கொங்கிரீட். தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தேன். நல்ல அடி. வெடித்தது. தண்ணீரும் சிரட்டையும் எழும்பிப் பறந்தன, ஒரு துண்டு அவன் கன்னத்தில்.

பாய்வான், உதைப்பான் என்று நான் பின்னால் துள்ளத் தயாராக நின்றேன். அவன் பாயவில்லை. பின்னால் போனான். போய்ப் பின்சுவரில் விழுந்த சத்தத்தில் லாயத்தில் இருந்த குதிரை எல்லாம் கத்தின. சுவரைப் பிறாண்டி ஏறப் பார்த்தான், முன்கால் இரண்டும் செங்கல்லில் சறுக்கி முழங்கால் உரிந்தது. ஏற முடியவில்லை என்றதும் திரும்பி மூலைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். உடம்பு முழுக்க நடுக்கம். நின்றபடியே மூத்திரம்.

மேவ் உள்ளே போனாள். உதைத்தான், என்னுடைய கால்தான், பின் இடது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்குத் தெரியாத வசவு பலதும் தெரிந்த வசவு ஒன்றும் சொன்னாள். திங்கள் முதல் இப்படித்தானாம். வாளி விழுந்தாலும், யாராவது கையை உயர்த்தினாலும் மூலைக்குப் போகிறானாம். தீனியும் சரியாகத் தின்னவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொலினுக்குச் சொன்னாளாம், போகப் போகச் சரிவரும் என்றானாம்.

அவள் பனிக்கட்டி தேடிப் போன நேரம் நான் உள்ளே போனேன். இதைக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. போனேன். சுவரோடு சுவராக நின்றேன், உதைத்தால் உதைக்கட்டும் என்று. கனநேரத்துக்குப் பிறகு தலையைத் திருப்பினான். முகத்தைக் கொண்டுவந்து என் ஜாக்கெட்டின் கிழிசலுக்குள், தான் சனிக்கிழமை கடித்த அதே இடத்தில், கண் மறையும்வரை அழுத்தினான். சூடான மூச்சு. கடிக்கவில்லை.

திருந்தவில்லை இவன். துவாய்க்கு நான் குனிந்ததுதான் இது.

எனக்கு விழுந்தது ஒரே ஒரு மண் கட்டி.

ஜனவரி 16, வியாழன்

மழை. தவத்தின் கடைப் பின்னறை. கொலின் போனில், ஸ்பீக்கரில். டொக்டர் ஒரு காலில் செருப்பு, மற்றதில் கட்டு. வாசலில் சாமான் வாங்க வந்த சனம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி யாரோ சொன்னார்கள். நான் கொண்டுபோகவில்லை.

தவம்: ஓம். டொக்டர்: வேண்டாம். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன்.

"என்ன இல்லை?"

"அனுப்பேல்லை."

"அண்ணை, விசர்க் கதை கதையாதேங்கோ. ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நீங்கள்!"

"ஓம். நான்தான் சொன்னனான்."

"பிறகென்ன? அடிக்குப் பயப்பிடுறானெண்டால் பழக்கலாம். நாங்கள் பழகேல்லையோ?"

"அடிபட்டனாங்கள்தான் தவம். அதுக்காண்டி உவனும் படவேணுமோ? காலைக் கொண்டுபோறதெண்டால் நாலையும் கொண்டு போ. தலை என்ரை. அது வராது."

அவன் குத்துவான் என்று தெரியும். தெரிந்தும் இந்த முறை முகத்தைப் பொத்தவில்லை. சரியாக வாயில். ஆடிய பல் பறந்து பருப்பு மூட்டையில் விழுந்தது. நானும் விட்டேன் ஒன்று, அவன் மிளகாய்த்தூள் அடுக்கோடு சாய்ந்தான், மூன்று பேரும் கண் எரிந்து தும்மினோம். டொக்டர் ஒற்றைக் காலில் நின்று என்னை இழுத்தார். தவம் தும்மலுக்கு நடுவில் அழுதான். மிளகாய் என்றான்.

கொலின் போனுக்குள் ஹலோ, ஹலோ என்று கத்தினான். டொக்டர் சொன்னார், போகவில்லை என்று. சரி, மே மாதம் புல்லில் பார்ப்போம், முன்னால் விட்டு ஓடவைப்போம் என்றான். கொஞ்சம் நிம்மதிதான் அவனுக்கும் என்று நினைக்கிறேன்.

வாசலில் நின்ற சனம் கேட்டது. சொன்னேன்: அந்த நாட்டுக் குதிரைக்காரர் கறுவலின் வீடியோவைப் பார்த்துப் பயந்து, தயவு செய்து கொண்டுவராதேங்கோ என்று கெஞ்சினார்கள், நாங்கள் இரக்கப்பட்டோம். பொழுதுபடுவதற்குள் இது இல்போர்ட் வரை போய்விட்டது. பல் எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கு அந்த மண் கட்டி.

பல்லைப் பருப்புக்குள் தேடினோம். கிடைக்கவில்லை. யாரோ சமைப்பார்கள்.

ஜனவரி 25, சனி

உறைபனி திரும்ப. விடிய வாசலில் ஹோர்ன். தவம். வான் கதவைத் திறந்துவிட்டான். பிளாக்வோல் சுரங்கம் வரை பேச்சில்லை. சுரங்கத்துக்குள், "இடியப்பம் இருக்கு" என்றான்.

நடுவில் இரண்டு தரம் ரயிலில் தனியாகப் போனேன். இரண்டு தரமும் தோளை நீட்டினேன். இரண்டு தரமும் முகர்ந்துவிட்டு மூலைக்குப் போனான்.

லாயத்தில் மேவ், மணிக்கட்டில் கட்டு. புல் மேட்டில் தனியாக ஓடவிட்டு அப்போதுதான் கொண்டுவந்திருந்தாள், முன்னால் ஒரு குதிரையும் இல்லாமல். உடம்பில் ஆவி. கண்ணுக்கு மேலே வெட்டு காய்ந்து பொருக்கு. என்னுடையதிலும் பொருக்கு.

மேவ் வாளியை வேண்டுமென்றே கீழே போட்டாள். சத்தம். காதை மட்டும் ஆட்டினான். நின்றான்.

தோளை நீட்டினேன். முகர்ந்தான். மேலுதடு மடிந்தது.

மனுசிக்குப் போன்.

"இஞ்சேரும், கடிச்சுப்போட்டான்!"

"ஆர்? என்னத்துக்குக் கத்துறியள்?"

"கடிச்சுப்போட்டானப்பா! ஜாக்கெட்டும் போச்சு, தோலும் போச்சு!"

"ரத்தமோ?"

"ஒரு வாளி!"